இரண்டு மாடி பிராசஸர்

வாங்கிய மறுநாளே பழசாகிவிடும் ஒரு பொருளை மனிதன் என்றைக்குத்தான் வாங்குவது? பொறுங்கண்ணனிடம் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது: இன்றைக்கு இல்லை.

கடையின் கண்ணாடி மேசைமீது இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, எதிரே நிற்பவரை நேராகப் பார்த்து, குரலைத் தாழ்த்தி அவர் அந்தப் பதிலைச் சொல்வார். "வாங்கணும்னா தாராளமா வாங்குங்க சார். தடுக்க நான் யாரு? ஆனா நீங்க என் கூடப் பொறந்தவரா இருந்தா, கொஞ்சம் பொறுங்கன்னுதான் சொல்லுவேன். அடுத்தது வருது."

"எப்பங்க வருது?"

"வரும்."

அந்த 'வரும்' என்பதில் இருக்கும் உறுதிக்கு முன்னால் எந்த வாடிக்கையாளரும் நிற்க முடியாது. பணத்தோடு வந்தவர் பணத்தோடேயே திரும்பிப் போவார். போகும்போது நன்றி வேறு சொல்லிவிட்டுப் போவார். அப்படித் திரும்பிப் போனவர்கள் சேர்ந்து வைத்த பெயர்தான் பொறுங்கண்ணன். அவருக்கு அது தெரியும். பட்டம் கிடைத்தவரைப் போலவே அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

கணினி உறுப்புகள் விற்கும் அந்தக் கடை அவருடைய தங்கை கணவருடையது. வேறொருவர் இப்படி வியாபாரத்தைக் கெடுத்திருந்தால் அன்றைக்கே வெளியே போகச் சொல்லியிருப்பார். மனைவியின் அண்ணனை எந்த வாயால் போகச் சொல்வது? ஆகவே கடைக்காரர் பேசித் தீர்த்துக்கொள்வார்.

"மச்சான், இலவு காத்த கிளிகூட ஒரே மரத்துலதான் உக்காந்திருந்துச்சு. நீங்க காய் வெடிக்கிறதுக்கு முன்னாடியே அடுத்த மரத்துக்குப் பறந்துடுறீங்க."

"அதனாலதான் மாப்ள, நான் இதுவரைக்கும் ஏமாந்ததே இல்ல."

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. வந்துவிட்ட பொருளில் குறை இருக்கும், சூடாகும், விலை உறுத்தும். வராத பொருள் ஒருபோதும் சூடாவதில்லை.

அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. இந்தக் காத்திருப்புக்குப் பின்னால் கடும் உழைப்பு இருந்தது. கடையின் பின்பக்கம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு முக்காலி, ஒரு கணினித் திரை, மூடி தொலைந்த தண்ணீர்ப் பாட்டில். அங்கே உட்கார்ந்து அவர் துப்புத் துலக்குவார். கணினிக்குள் இருக்கும் போர்டைச் செய்யும் கம்பெனியின் இணைய உதவிப் பக்கத்தில், கணினிக்கு மூளையான பிராசஸர்களில் இன்னும் வெளிவராத ஒன்றின் பெயர் தெரியாத்தனமாக முளைத்து, உடனே மறையும். மறைவதற்குள் இவர் பார்த்திருப்பார். பிராசஸரைக் குளிர்விக்கும் காற்றாடி செய்பவர்கள் திருகு ஓட்டையைச் சற்றுத் தள்ளி வைத்தால், எதற்காகத் தள்ளினார்கள் என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. ஒரு கம்பெனி வேலைக்கு ஆள் கேட்டு விளம்பரம் செய்தால், அதன் வாசகத்தை ஜாதகம் பார்ப்பதுபோலப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் ஓர் அளவுகோல் வைத்திருந்தார்: "ஒருத்தன் சொன்னா வதந்தி. ரெண்டு பேர் சொன்னா தகவல். மூணு பேர் சொன்னா அது செய்தி."

கொஞ்ச காலமாக அவருடைய துப்பெல்லாம் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது. அடுத்து வரும் மேசைக் கணினிகளுக்கான பிராசஸர் இரண்டு மாடி வைத்தது என்பது அவர் கணிப்பு. கேட்பவருக்குப் புரியும்படி விளக்குவார். "பிராசஸர் ஒரு சமையல்காரன்னு வெச்சுக்குங்க. ஒவ்வொரு சாமானுக்கும் கடைத்தெருவுக்கு ஓடினா எப்ப சமைக்கிறது? அதனால தலைக்கு மேலேயே ஒரு பரண் கட்டி, வேணுங்கிறத அதுல வெச்சுட்டான். இப்ப இருக்கிறது ஒரு பரண். வரப்போறதுல பரணுக்கு மேல இன்னொரு பரண். நீட்டின கைக்கு எல்லாம் கிடைக்கும். பறக்கும் சார், பறக்கும்."

எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்க முடியாத இடத்தில் இருந்தவர் ஒருவர்தான். அவர் வீட்டில் இருந்தார்.

பொறுங்கண்ணனின் மனைவி, கட்டப்படாத அறைகளைக் கட்டியதுபோலப் படமாக்கித் தரும் வேலை செய்கிறார். நாற்காலி எங்கே, விளக்கு எங்கே, காலை வெயில் எந்தச் சுவரில் விழும் என்று கணினியில் அமைத்து விட்டால், அது வெளிச்சத்தையும் நிழலையும் கணக்குப் போட்டு நிஜப் புகைப்படம் மாதிரி ஒன்றைத் தரும். தர வேண்டும். அவரிடம் இருந்த கணினியோ, கடையில் மீந்துபோன உறுப்புகளைக் கொண்டு கணவர் தற்காலிகமாகக் கட்டிக் கொடுத்தது. அந்தத் தற்காலிகத்துக்கு வயதாகிவிட்டது.

"படத்தப் போட்டுட்டுத் துணி துவைச்சேன், காயப்போட்டேன், எடுத்து மடிச்சும் வெச்சுட்டேன்" என்பார் அவர். "வந்து பாத்தா, ஜன்னல் ஓரத்துல மட்டும்தான் விடிஞ்சிருக்கு."

"கொஞ்சம் பொறும்மா. இவ்வளவு நாள் பொறுத்துட்டு இப்பப் போய் ஒரு பரண் வெச்சத வாங்கினா, ஊர் சிரிக்கும்."

"ஊர் இப்ப மட்டும் என்ன பண்ணுதாம்?"

இந்த நேரத்தில்தான் மனைவியைத் தேடி ஒரு பெரிய வேலை வந்தது. புதிதாகக் கட்டப்படும் ஹோட்டல் ஒன்றின் அத்தனை அறைகளும். இதுவரை அவர் செய்ததெல்லாம் பக்கத்து வீட்டு வரவேற்பறையும் பல் டாக்டரின் காத்திருக்கும் அறையும்தான். ஹோட்டல் மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். முடியுமா முடியாதா என்று வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் வேறொருவர் தயாராக இருக்கிறார். இருக்கும் கணினியை வைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டால், ஹோட்டல் திறப்பு விழா முடிந்த பிறகும் முதல் மாடிப் படமே வெந்துகொண்டிருக்கும்.

பொறுங்கண்ணன் துள்ளிக் குதித்தார். வேலைக்காக அல்ல. பிராசஸர் கம்பெனி தன் புது வரவை நேரலையில் அறிவிக்கப்போவதும் அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம். "பாத்தியா! கடவுளே தேதி குறிச்சிருக்காரு. அறிவிக்கட்டும், அடுத்த நிமிஷம் ஆர்டர் போட்டுடறேன்."

"அறிவிச்சா உடனே கைக்கு வந்துருமா?"

"வரும்."

மனைவி அந்த 'வரும்' என்பதைப் பல வருடமாக அறிந்தவர். முடியாது என்று மேலாளரிடம் எப்படிப் பணிவாகச் சொல்வது என யோசிக்கத் தொடங்கினார்.

வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடி வந்தார் பொறுங்கண்ணன். கையில் போன். "படமே வெளிய வந்துருச்சு! ரெண்டு மாடி! வெளிநாட்டுக்காரன் போட்டிருக்கான். ஒருத்தன் இல்ல, மூணு பேர். சோதனைக்கூடத்துக்குள்ள திருட்டுத்தனமா எடுத்த படம்!"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். கறுப்பு வெள்ளையில், புள்ளி புள்ளியாக, அவசரத்தில் எடுத்ததுபோல ஒரு படம். மேலே குறுக்கே, அதை வெளியிட்ட இணையத் தளத்தின் முத்திரை. நடுவில், மூடி திறந்த ஒரு பிராசஸர். அதன்மேல் ஒரு தட்டு, தட்டின்மேல் இன்னொரு தட்டு.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார். "ஏங்க, அந்தக் கம்பெனிக்காரங்களோட ரகசிய சோதனைக்கூடம் நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேசையிலயா இருக்கு?"

"என்ன உளர்ற?"

"இங்க பாருங்க. இந்த ஓரத்துல."

படத்தின் மூலையில், பிராசஸர் வைக்கப்பட்டிருந்த பரப்பின்மீது, பிறை வடிவத்தில் ஒரு கருகல். பொறுங்கண்ணன் ஒரு நாள் ரேடியோ ஒன்றைப் பழுது பார்க்கிறேன் என்று உட்கார்ந்து, ஈயப்பற்று வைக்கும் சூடான சால்டரிங் கம்பியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு எழுந்துபோனதால் உண்டான கருகல் அது. அதன்மீது வழக்கமாக ஒரு தட்டை வைத்து மறைத்திருப்பார்கள். மனைவி அந்தத் தட்டை நகர்த்தினார். மேசையில் ஒரு பிறை, போனில் ஒரு பிறை.

நடந்தது இதுதான். பல மாதங்களுக்கு முன்னால் தன் கணிப்பை விளக்கப் படம் ஒன்று வேண்டும் என்று அவர் மனைவியைக் கெஞ்சினார். மனைவியும் ஒரு படம் செய்து கொடுத்தார். பிராசஸர் எதன்மேலாவது இருக்க வேண்டுமே என்று சாப்பாட்டு மேசையைப் புகைப்படம் எடுத்து அடியில் விரித்தார். கணினிப் பைத்தியங்கள் கூடிப் பேசும் இணையத் தளம் ஒன்றில், புனைபெயரில், 'இப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம்' என்று எழுதி அதைப் போட்டார் பொறுங்கண்ணன். எவரோ அதை எடுத்து, நிறத்தை உருவி, புள்ளிகளைத் தூவி, ஊகம் என்ற சொல்லை மட்டும் வழியிலேயே இறக்கிவிட்டார். அவரைப் பார்த்து இன்னொருவர் எழுதினார், அந்த இருவரையும் மேற்கோள் காட்டி மூன்றாமவர். கிழிந்த சட்டையோடு வீட்டை விட்டு ஓடிய பிள்ளை கோட்டும் கண்ணாடியுமாகத் திரும்பி வந்தால், பெற்றவன் வாசலில் எழுந்து நின்று கும்பிடத்தானே செய்வான்?

"நூறு தடவை பெருசாக்கிப் பாத்தேனே" என்றார் பொறுங்கண்ணன்.

"நீங்க சிப்பப் பாத்தீங்க. நான் மேசையப் பாத்தேன்."

"மூணு பேர் சொல்றாங்களேம்மா..."

"மூணு பேரும் நீங்கதாங்க."

சொல்லிவிட்டு அடக்க முடியாமல் சிரித்தார். சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பொறுங்கண்ணனும் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. மேசையின் கருகலை ஆள்காட்டி விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு தட்டை எடுத்து அதன்மேல் பழையபடி வைத்துவிட்டு, சாப்பிடாமலேயே கடைக்குத் திரும்பினார்.

இதனால் அவருடைய கணிப்பு தவறென்று ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆதாரம் பொய்யாகப் போனாலும் சங்கதி உண்மையாக இருந்துவிடக்கூடும். இரண்டு மாடியா ஒரு மாடியா என்பது மறுநாள் சாயங்காலம் தெரிந்துவிடும். அதுவரை அவர் காத்திருந்தால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

வெள்ளிக்கிழமை கடையில் கல்யாண வீடு மாதிரிக் கூட்டம். ஒரு வருடமாகப் பொறுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கடைக்காரர் பெரிய திரையைச் சுவரில் மாட்டி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, நடுநாயகமாக ஒன்றை மச்சானுக்கு ஒதுக்கியிருந்தார். நேரலை ஓடும்போது விளக்கம் சொல்ல அவரை விட்டால் யார்?

மச்சான் அலமாரியின் முன் நின்றார். இப்போது விற்பனையில் உள்ள பிராசஸர் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அதற்குப் பொருந்தும் போர்டு, மெமரி, காற்றாடி, கேபினெட் என்று ஒவ்வொன்றாகப் பக்கத்தில் அடுக்கினார்.

"யாருக்கு மச்சான்?"

"வீட்டுக்கு. பில்லப் போடு மாப்ள."

கடைக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உடம்பு கிடம்பு சரியில்லையா? இன்னும் ஒரு மணி நேரத்துல புதுசு வருது. வந்த உடனே இதே சாமான் பாதி விலைக்கு இறங்கும். எனக்கே தெரியுது, உங்களுக்கா தெரியாது?"

"தெரியும். போடு."

"ஒரு மணி நேரம் மச்சான்! உக்காந்து எந்திரிச்சா போயிரும்!"

பொறுங்கண்ணன் பெட்டிகளை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே வழி விலக்கி வெளியே நடந்தார். அண்ணே, ஆரம்பிக்கப் போகுதே, எங்க போறீங்க என்று யாரோ கேட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தை அவர் ஏன் காத்திருக்கவில்லை என்று கடைக்காரர் பின்னால் பலமுறை கேட்டுப் பார்த்தார். ஒரு தடவை "தோணுச்சு" என்றார். மற்ற தடவைகளில் வேறு பேச்சு எடுத்தார். மனைவி கேட்கவே இல்லை.

வீட்டுக் கூடத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து வேலையைத் தொடங்கினார். மனைவி உள்ளறையிலிருந்து வந்தார். காதோரம் போன், அதன் வாயைக் கையால் பொத்தியிருந்தார். "ஹோட்டல்காரர் லைன்ல இருக்காருங்க. என்ன சொல்லட்டும்?"

அதே நேரம் தரையில் கிடந்த பொறுங்கண்ணனின் போனும் அதிர்ந்தது. எடுத்ததுமே கடைக்காரரின் குரல், பின்னால் பெரும் கூச்சல். "மச்சான், மேடைக்கு வந்துட்டான்! கையில எதையோ தூக்கிக் காட்டுறான்! உங்க ரெண்டு..."

பொறுங்கண்ணன் இணைப்பைத் துண்டித்து, போனைக் குப்புறக் கவிழ்த்தார். பிராசஸரை இரண்டு விரல்களால் ஓரம் பிடித்து எடுத்து, அதன் இருக்கையில் மெல்ல இறக்கினார். அதைப் பூட்டும் சின்னக் கம்பியை அழுத்தும்போது, எல்லாம் உடைந்துபோகிற மாதிரி ஒரு நெரிகிற சத்தம் கேட்கும். எத்தனை முறை கேட்டவனுக்கும் அங்கே கை தயங்கும். அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்து, சரி என்று தலையசைத்துவிட்டு, கம்பியைக் கடைசி வரைக்கும் அழுத்தினார்.