கருவாட்டுக்கு எதிராக ஒன்பதாம் வகுப்பு

பதினான்கு வயதுப் பிள்ளைகளை ஒருவரையொருவர் மதிக்கப் பழக்கிவிடலாம் என்று நம்பிய பைத்தியக்காரிகளில் நானும் ஒருத்தி. இப்போது அந்த நம்பிக்கை இல்லை. என் பிள்ளைகள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்து விடாமல் கற்றுக்கொண்டார்கள், அதுதான் என் வயிற்றெரிச்சல்.

புனேவை ஒட்டிய பிம்ப்ரியில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் அறிவியல் டீச்சர் நான். வானவடியிலிருந்து ஸ்கூட்டர், பிறகு மெட்ரோ என்று போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மீதியை எடுக்க ஒன்பதாம் வகுப்பு காத்திருக்கும். ஜூனில் என்னை அதற்குக் கிளாஸ் டீச்சராகப் போட்டபோது அப்பார்ட்மெண்ட் பிள்ளைகள் ஒரு பக்கம், பட்டறையிலும் ஃபேக்டரியிலும் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் மறுபக்கம் என்று இரண்டு நாடாக இருந்தது. ஒருத்தருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, எல்லாம் பட்டப்பெயர். ஒரு பெண் பதில் சொல்ல எழுந்தால் பின் பெஞ்சில் பூனை கத்தும். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அதனால்தான் வட்டம் ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார வேண்டும். கரும்பலகை டஸ்டர் கைமாறி வரும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். பேச விருப்பமில்லையென்றால் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். குறை சொல்லும்போது 'நீ' என்று தொடங்கக் கூடாது, 'எனக்கு' என்று தொடங்க வேண்டும். கடைசியில் கை தூக்கி முடிவெடுப்பார்கள். அதில் டீச்சருக்குக் கை கிடையாது, வகுப்பு முடிவெடுத்தால் டீச்சரும் கட்டுப்பட வேண்டும். முடிவானதும் எல்லோரும் கை தட்ட வேண்டும். இவ்வளவும் நான் போட்ட சட்டம். அதில் எனக்கு அப்போது கொஞ்சம் பெருமைகூட.

ஆரம்பத்தில் கேலிதான் செய்தார்கள். கணபதி விடுமுறை முடிந்து வந்தபின் ஏனோ பிடித்துக்கொண்டது. பட்டப்பெயர்கள் குறைந்தன. பூனை ஓய்ந்தது. நான் வீட்டில் இதைப் பற்றியே பேசிப் பேசி, என் கணவர், "உன் பார்லிமெண்ட் கதையை நாளைக்கி வச்சிக்கிடலாமா?" என்று கும்பிடு போட்டார்.

அந்த வட்டத்தில் ஒருமுறைகூட வாய் திறக்காதவள் ஒரு தமிழ்ப் பெண். பக்கத்துக் கசார்வாடியில் அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. அந்த வருடம்தான் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். டஸ்டர் வந்தால் சூடான பாத்திரத்தைத் தொட்டதுபோல அடுத்தவரிடம் தள்ளிவிடுவாள். மதியம் ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்து, டப்பாவை மடியில் மறைத்து வைத்துச் சாப்பிடுவாள். அவளை அந்த ஜன்னலிலிருந்து பிரித்து மற்றவர்களோடு உட்கார வைத்துவிட்டால் போதும், இந்த வருடம் வீண்போகவில்லை என்று நினைத்துக்கொள்வேன் என எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு நான்கு நான்கு பெஞ்சாகச் சேர்த்துப் போட வைத்தேன். நானும் அவர்களோடேயே சாப்பிட்டேன். தீபாவளிக்குப் பிறகு ஒருநாள் வகுப்புத் தலைவி தானாகவே போய் அவளைத் தன் பெஞ்சுக்குக் கூட்டி வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சில நாட்களில் அந்தத் தமிழ்ப் பெண் டப்பாவை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். அப்புறம் ஒருநாள் மூடியைத் திறந்தாள், நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு.

வகுப்பு முழுக்க வாசம் ஏறியது. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது, தூத்துக்குடிக்காரி வேறு என்ன செய்வாள்? ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜூனாக இருந்திருந்தால் மேசையைத் தட்டி ஊளையிட்டிருப்பார்கள். பார்த்தாயா, பிள்ளைகள் மாறிவிட்டார்கள் என்று நான் உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தார்கள்.

வட்டத்தில் டஸ்டரை முதலில் வாங்கியவள் தலைவிதான். யார் பெயரையும் சொல்லவில்லை. "எனக்கு சாப்பிடும்போது சில வாசனை ஒத்துக்கல. யாரையும் புண்படுத்தச் சொல்லல" என்றாள். அடுத்தவன், "எனக்குத் தலை வலிக்குது." அதற்கடுத்தவள், "எங்க வீட்ல பூஜை பண்றவங்க. எனக்குச் சங்கடமா இருக்கு." எல்லாம் 'எனக்கு', 'எனக்கு'. ஒரு 'நீ' கிடையாது, ஒரு சிரிப்பு கிடையாது. தமிழ்ப் பெண் கைக்கு டஸ்டர் வந்தது, தள்ளிவிட்டாள். என் கைக்கு வந்தபோது, ஒருவர் வீட்டுச் சாப்பாட்டை இன்னொருவர் தீர்மானிக்க முடியாது என்றேன், என் அம்மா சமைத்ததும் இதுதான் என்றேன். மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார்கள். பிறகு கை தூக்கினார்கள். மணம் வீசும் அசைவம் வகுப்புக்குள் வேண்டாம்.

அவளும் கை தூக்கியிருந்தாள்.

கை தட்டினார்கள். தலைவி அவளைத் தோளோடு அணைத்து "தேங்க் யூ" என்றாள். 

மணி அடித்தபின் அவளை நிறுத்தி, திங்கட்கிழமை அந்த முடிவை ரத்து செய்யப் போவதாகச் சொன்னேன். அவள் பயந்துபோனாள்.

"வேணாம் மேம். ஜானே தோ, விட்டுடுங்க. இப்பதான் என்கூட உக்காருறாங்க."

"உனக்குப் பிடிச்சத நீ சாப்பிடக் கூடாதாட்டி?"

"வீட்ல சாப்பிட்டுக்கறேன் மேம். நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

மெட்ரோவில் வரும்போது அடக்க முடியாமல் அழுதேன். எங்கள் கட்டடத்தில் நான் கருவாடு வறுக்கும்போது எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். இத்தனை வருடமாக யாரும் என்னை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. பெரியவர்கள் நடத்திக்காட்டாத ஒன்றைப் பிள்ளைகள் எங்கிருந்து செய்வார்கள்?

ஆனாலும் கோபம் அடங்கவில்லை. முடிவை ரத்து செய்யவில்லை, அவள் கெஞ்சியிருக்கிறாள். வகுப்பு முடிவு டீச்சரையும் கட்டும் என்பது நான் போட்ட சட்டம்தான், ஆனாலும் வட்டத்தில் என் டப்பாவைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். பிம்ப்ரி மார்க்கெட்டில் நெத்திலிக் கருவாடு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஜன்னலை எல்லாம் திறந்து வைத்துத் தொக்கு கிளறினேன். என் கணவர் வாசலை வாசலைப் பார்த்தார்.

திங்கள் மதியம் அவளுடைய பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவள் முன்னால் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும். என் டப்பாவைத் திறந்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. டீச்சர் அல்லவா? தலைவி எழுந்து போய் ஃபேன் வேகத்தைக் கூட்டினாள்.

"எடுத்துக்கோ. எங்க அம்மா கைப்பக்குவம்" என்று தமிழில் சொல்லி டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவள் டப்பாவைப் பார்த்தாள். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு சுற்றி இருந்த முகங்களைப் பார்த்தாள். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, நான் பழக்கிய அதே பணிவோடு இங்கிலீஷில் சொன்னாள்:

"நோ, தேங்க் யூ மேம். எனக்கு அந்த வாசனை ஒத்துக்காது."

நான் மூடியை எடுத்து டப்பாவை மூடினேன்.