மரியநாயகி வீட்டு அகலத் திரை

பாரை மீனின் செட்டையை அரிந்து தள்ளிக்கொண்டே மரியநாயகி வாடிக்கையாளர்களை அவர்கள் வாங்கும் மீனின் பெயரால் கூப்பிடுவார். "ஒட்டி அக்கா, இஞ்சாலை வாங்கோ. சூடைத் தம்பி, நீர் கொஞ்சம் பொறும்." பருத்தித்துறைச் சந்தையில் இதற்காக யாரும் கோபித்ததில்லை. நான் விளைமீன் மாஸ்டர். மனைவி செத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து முதல் முறை சந்தைக்குப் போனபோது, எவ்வளவு வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. வழக்கத்தில் பாதியை வெட்டிக் கட்டி என் பையில் வைத்தார்.

விலை குறைக்கமாட்டார். பேரம் பேசுகிறவரின் பையில் இரண்டு சூடையை எறிந்து, "உது பூனைக்கு" என்பார். பூனை இல்லாத வீடுகளுக்கும் அதே பூனைதான்.

அவருடைய வீட்டுச் சுவரில் அறுபத்தைந்து அங்குலத் தொலைக்காட்சி ஏறியபோது எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"பிரான்சிலையிருந்து ஆர் அனுப்பினது?"

"மீன் அனுப்பினது," என்றார் மரியநாயகி.

வெளிநாட்டில் ஆளில்லாத வீட்டுக்குள் பெரிய சாமான் ஒன்று போனால் எங்கள் பக்கத்தில் லேசில் நம்பமாட்டார்கள். அவருக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

வாங்கியதற்குக் காரணம் மகள் ஜெசிதா. பாடசாலை உதைபந்தாட்ட அணியில் பந்தடிக்கிறவள். பெட்டையைக் கட்டைக் காற்சட்டையோடு ஓட விட்டிருக்கிறாள் என்று ஒழுங்கைப் பெண்கள் கதைத்தது தாயின் காதுக்கும் வந்திருந்தது. அணி இறுதி ஆட்டத்துக்குக் கொழும்புக்குப் போவது உறுதியானதும் தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கி மாட்டினார். பிறகு, கதைத்த அத்தனை பேரையும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். "வேர்வை விழுகிறதும் தெரியுமாம். வந்து பாருங்கோ." என் படலையிலும் வந்து தட்டினார்.

போனோம். அவர் கோயிலுக்குக் கட்டும் சேலையில் இருந்தார். ஆட்டத்தை எந்த அலைவரிசையும் காட்டவில்லை. மைதானத்திலிருந்து யாரோ கைபேசியில் பிடித்து நேரடியாக அனுப்பிக்கொண்டிருந்த படத்தைப் பக்கத்து வீட்டுக் கிறகோரி பெட்டியில் இணைத்தான். கைபேசியில் ஓரளவு தெளிவாக இருந்த படம், சுவருக்குப் போனதும் சதுரம் சதுரமாக உடைந்தது. முகங்கள் இல்லை. முதுகிலிருந்த இலக்கங்கள் கரைந்துவிட்டன. பச்சைக்குள் எங்கள் பிள்ளைகளாகச் சில மஞ்சள் பொட்டுகள், எதிரணியாகச் சில நீலப் பொட்டுகள்.

"மாமி, உது பந்தடியோ, இறால் காயப்போட்டதோ?" என்றான் கிறகோரி.

"ரீவியிலை ஒரு பிழையுமில்லை. அனுப்பிறவன்ரை கை நடுங்குது."

"எங்கை, உங்கடை பிள்ளையைக் காணேல்லை?" பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். குரலில் சிரிப்பு இருந்தது.

மரியநாயகி ரிமோட்டைச் சுற்றியிருந்த பொலித்தீனை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். கிறகோரிக்கே பாவமாகிப் போயிருக்க வேண்டும். "போனிலையே பாப்பம் மாமி. அதிலை கொஞ்சமெண்டாலும் தெரியும்," என்றான் மெதுவாக.

"இத்தினை பேரும் ஒரு போனுக்கை தலையை விடுறதோ? இரடா."

எழுந்து திரைக்குக் கிட்டப் போனார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். பொட்டுகள் கூடின, பிரிந்தன, மறுபடி கூடின. சட்டென்று ஒரு மஞ்சள் பொட்டின் மேல் விரலை வைத்தார்.

"இவள்."

"என்னெண்டு தெரியும்?" அதே பெண்.

"மீன் கூடையை இடுப்பிலை வைச்சவள் மாதிரிச் சரிஞ்சு ஓடுறாள், பாருங்கோ. சின்னனிலையிருந்து எனக்குச் சுமந்து தந்து வந்த பழக்கம்."

பார்த்தோம். மற்றவை எல்லாம் நேராக ஓடின. அந்தப் பொட்டு மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து, மற்றவற்றை முந்திக்கொண்டு போயிற்று. கேள்வி கேட்ட பெண் கழுத்தை நீட்டினாள். "ஓம், உவள்தான்," என்றாள்.

மரியநாயகி திரும்பி வந்து உட்காரவில்லை. பொட்டு போன பக்கமெல்லாம் விரலும் போயிற்று. மறைக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அகலமான திரை. கோயில் சேலையின் கொய்யக மடிப்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, அவர் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்துகொண்டிருந்தார்.