ரத்தினவேல் தொடாத மூடி

எங்கள் வீட்டுக்கு எதிரே தகரக் கொட்டகையில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் ரத்தினவேலைத் திருவரங்குளத்தில் அறியாதவர் இல்லை. சிவன் கோயில் தேர்ச்சக்கரங்களுக்கு ஆண்டுதோறும் அவர்தாம் மசகு இடுவார். எவருடைய மிதிவண்டிச் சங்கிலி கழன்றாலும் உண்ணும் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து வருவார். அத்தகைய மனிதரிடம் குறை ஒன்றே ஒன்று: தாம் சீர்செய்த வண்டியில் வேறொருவர் கைபட்டால் அவருக்கு உறக்கம் வராது.

அவர் சீர்செய்த வண்டிகளுள் தலையாயது மரியசெல்வத்தின் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். மரியசெல்வம் ஆவூரில் பிறந்து, வளைகுடா நாட்டில் உழைத்து, இப்போது புதுக்கோட்டையில் ஓய்வாக வாழ்பவர். இருவர் மட்டுமே அமரக்கூடிய அந்தப் பழங்காலக் காரை நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வாங்கி வந்தார். வந்தபோது அதன் இருக்கையில் கோழிகள் முட்டையிட்டிருந்தன. ரத்தினவேல் அதற்கு உயிர் கொடுத்தார். பெட்ரோல் தொட்டியின் மூடி தொலைந்துபோயிருந்ததால், டிராக்டர் மூடி ஒன்றைத் தேய்த்துப் பொருத்தி, அதில் நுண்ணிய துளையும் இட்டார். பெட்ரோல் குறையக் குறையத் தொட்டிக்குள் காற்றுப் போகவேண்டும். போகாவிட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் வருவது நின்றுவிடும். அந்த மூடி கறுத்து, பார்க்கப் பொருந்தாமல்தான் இருந்தது. ஆனாலும் அதைத் தம் பிள்ளையைப்போல அவர் நேசித்தார்.

சென்ற ஆண்டு, மரியசெல்வத்தின் மகள் இலண்டனிலிருந்து ஒரு புதிய மூடியை அனுப்பினாள். பழைய பந்தயக் கார்களில் இருந்ததைப் போன்றது அது. வெள்ளியாய் மின்னும் அலுமினியம். ஓரத்திலுள்ள நெம்பியை விரலால் தட்டினால், மூடி ‘டக்’கென்று மேலே எழும். மரியசெல்வம் அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்.

“ரத்தினம், இதை மாட்டித் தர்றீங்களா?”

ரத்தினவேல் அதைக் கையில் வாங்கவே இல்லை. “இது வெளிநாட்டுக்குத்தான் சார் சரிப்படும். நம்மூரு மழைக்குத் தண்ணி உள்ள எறங்கிரும். இருக்குற மூடிக்கு என்ன கொறச்சல்?”

மரியசெல்வம் மூடியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். போனவர், பைபாஸ் சாலையில் பட்டறை வைத்திருக்கும் கோபிநாத்திடம் அதைக் கொடுத்தார். முப்பத்தைந்து வயதிருக்கும் அந்தக் கோபிநாத், தொட்டியின் கழுத்துக்கு ஏற்ப ஒரு வளையம் கடைந்து, தக்கை வைத்து, ஆறு திருகாணிகளால் மூடியைப் பொருத்தினான். பிறவியிலேயே காரோடு இருந்ததுபோல அது அமர்ந்துவிட்டது.

ஆயுத பூசையன்று எப்போதும்போலக் கார் ரத்தினவேலின் கொட்டகைக்கு வந்தது. தம் கையால் பூசை போட்ட பிறகுதான் அது ஊரைத் தாண்டவேண்டும் என்பது ரத்தினவேலின் வழக்கம். காரின் கண்ணாடியில் செபமாலை தொங்கினாலும், அந்த வழக்கத்தை மரியசெல்வம் ஒருநாளும் தட்டியதில்லை.

அன்று காலை முழுவதும் ரத்தினவேல் காரின் முன்பக்கத்திலேயே நின்றார். புதிய மூடி இருந்த பின்பக்கம் போனாலும் மோப்பம் பிடிக்கத்தான் போனார். பெட்ரோல் வாடை சற்றேனும் வந்தால் போதும், பொருத்தியவனின் இலட்சணத்தை ஊரறியச் சொல்லலாம். வாடையே வரவில்லை. வராததால் அவர் முகம் கடுத்தது.

அவர் மனைவி அழகி பொரித் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னங்க, சம்பந்தி வீட்டுச் சீரைப் பாக்குற மாதிரி எட்டி எட்டிப் பாக்குறீங்க? கிட்டப் போயிப் பாத்தா கண்ணா அவிஞ்சிரும்?”

“அதுல பாக்க என்னடி இருக்கு? டிபன் பாக்ஸ் மூடி கணக்கா இருக்கு.”

“நம்ம மூடி மட்டும் என்ன, எண்ணெச் சட்டி மூடி கணக்காத்தான இருந்துச்சு!”

ரத்தினவேல் சந்தனத் தட்டை எடுத்தார். விளக்குகளுக்கும் சக்கரங்களுக்கும் சந்தனம் வைத்து முடித்தபின், தட்டில் ஓர் உருண்டை மீந்தது. பூசையில் மூடியை மட்டும் விட்டுவைப்பது அவருடைய மனத்துக்கு ஒப்பவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மூடியின் நடுவிலிருந்த சிறு குழியில் சந்தனத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். அதன்மேல் குங்குமம் இட்டார்.

மறுநாள் விசயதசமி. ஆவூரில் மரியசெல்வத்தின் தங்கை வீட்டில் புதுமனை புகுவிழா. நெடுந்தொலைவு போகும்போதெல்லாம் அவருக்குப் பக்கத்து இருக்கையில் ரத்தினவேல்தான் அமர்வார். அன்று காலையில் மரியசெல்வத்திடமிருந்து அழைப்பு வந்தது.

“ரத்தினம், இன்னைக்குக் கோபியக் கூட்டிக்கிட்டுப் போறேன். மூடி எப்படி இருக்குன்னு ஓட்டத்துல பாக்கணுங்கிறான்.”

“தாராளமாப் போங்க சார்,” என்றார் ரத்தினவேல். கைப்பேசியை வைத்ததும், மரியசெல்வம் திருப்பித் தந்திருந்த பழைய டிராக்டர் மூடியைத் துணியில் சுற்றி மொபெட்டின் பையில் வைத்தார்.

“எங்கிட்டுக் கெளம்பிட்டீங்க?” என்றாள் அழகி.

“கீரனூருல ஒரு வேலை.”

“வேலையா, வேவா?”

புதுக்கோட்டையில் கார் புறப்படும்வரை ஒரு புளிய மரத்தின் பின்னால் நின்றிருந்து, ரத்தினவேல் அதைத் தொடர்ந்தார். மொபெட்டின் வேகம் போதாமல் கார் விரைவில் கண்மறைந்தது. கோபிநாத் அமர்ந்திருந்த இருக்கையின் தையலைத் தாம் பிரித்துப் பிரித்துத் தைத்ததை நினைத்துக்கொண்டே அவர் ஓட்டினார்.

நார்த்தாமலை விலக்கருகே கார் நின்றுகொண்டிருந்தது. கோபிநாத் எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தான். அதைக் கண்ட கணத்தில் ரத்தினவேலுக்கு நெஞ்சு குளிர்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

“என்ன தம்பி, மொதோ ஓட்டத்துலயே படுத்துருச்சா?”

“பெட்ரோல் வரலண்ணே. பில்டரும் சுத்தமாத்தான் இருக்கு.”

“எப்படி வரும்? கண்ட சாமானையும் தொட்டிமேல கொண்டுபோயி மாட்டுனா? இத்தன வருசத்துல இந்த வண்டி நடுரோட்டுல நின்னுருக்கா, சாரையே கேளு.”

மரியசெல்வத்துக்கு வியர்த்திருந்தது. தங்கை வீட்டிலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். “சரி, விடுங்க ரத்தினம். இந்த அலங்காரம் வேணாம். நீங்க சொன்னதுதான் சரி. பழைய மூடிய ஊருக்குப் போயி மாட்டிருங்க.”

“ஊருக்கு எதுக்கு சார்? இந்தா, கையோட இருக்கு!”

துணியை அவிழ்த்து டிராக்டர் மூடியை எடுத்து, அந்தத் துணியாலேயே ஆசையாகத் துடைத்தார். வென்றுவிட்டார், இனி இருக்கையும் காரும் அவருடையவை. புதிய மூடியைக் கழற்றுவதற்காக முதன்முறையாக அதன் நெம்பியைத் தட்டினார். தொட்டி ‘உஸ்’ஸென்று நீண்ட மூச்சு இழுத்தது. அடைபட்ட தொட்டியின் ஒலி அது. மூடியைப் புரட்டினார். நடுவில் கோபிநாத் மிக நேர்த்தியாக ஊசிமுனைத் துளை ஒன்று இட்டிருந்தான். அதற்குள் சந்தனம் காய்ந்து, கல்லாய் இறுகியிருந்தது.

நிமிர்ந்தார். கோபிநாத்தும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இருவர் கண்களும் சந்தித்தன.

கோபிநாத் சட்டைப்பையிலிருந்து மெல்லிய கம்பியை எடுத்துத் துளையைக் குத்தி ஊதினான். பிறகு மரியசெல்வத்திடம் திரும்பி, “தூசி அடைச்சிருச்சு சார். ஓட்டைய நான்தான் ரொம்பச் சின்னதாப் போட்டுட்டேன். என் தப்பு,” என்றான்.

அந்தச் சொல்தான் ரத்தினவேலை அடித்தது. வேலையில் அவன் வென்றதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இப்போது பெருந்தன்மையிலுமா இவன் தன்னை மிஞ்சுவது? இவன் விட்டுக்கொடுத்ததை வாங்கிக்கொண்டு, ஆயுள் முழுவதும் இவன் முகத்தில் எப்படி விழிப்பது?

“தூசியும் இல்ல, மண்ணும் இல்ல!” என்று கத்தினார். “சந்தனம் சார். நேத்து நான் வெச்சது. மூடியக் குனிஞ்சு பாத்திருந்தா ஓட்டை தெரிஞ்சிருக்கும். பாக்கக் கூடாதுன்னுல்ல இருந்தேன். இவன் ஒண்ணும் எனக்காகப் பழிய ஏத்துக்க வேணாம்.”

மரியசெல்வம் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சாலையோரக் கல்லில் அமர்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “பூசை போட்டு நின்ன வண்டி நம்ம வண்டியாத்தான் இருக்கும். சரி, மூடி அப்படியே இருக்கட்டும். கெளம்புங்க, நேரமாச்சு.”

டிராக்டர் மூடி மறுபடியும் துணிக்குள் போயிற்று. சாவியின் முதல் திருப்பிலேயே கார் உறுமியது.

“அண்ணே, நீங்க காருல ஏறுங்க. மொபெட்ட நான் கொண்டாரேன்,” என்றான் கோபிநாத்.

“ஒன் மூடிய நீயே ஒக்காந்து பாத்துக்க. நான் என் வண்டியில வாரேன்.” இதையும் அவனிடமிருந்து வாங்கிக்கொள்ள அவர் ஆயத்தமாக இல்லை.

கீரனூர்ப் பெட்ரோல் பங்கில் கார் அவருக்காகக் காத்து நின்றது. கோபிநாத் எதிர்க்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். “தொறந்து விடுங்க ரத்தினம்,” என்றார் மரியசெல்வம். ரத்தினவேல் நெம்பியைத் தட்டினார், டக். மூடினார். எவரும் பார்க்கவில்லை என்று நினைத்து, மறுபடியும் தட்டினார், டக். அவ்வளவு மென்மையாக எழும் மூடியை அவர் தம் வாழ்நாளில் தொட்டதில்லை.

பங்கில் பெட்ரோல் போடும் இருளாயி குழாயோடு வந்தவள் வியந்து நின்றாள். “அடேயப்பா, பளபளன்னு இருக்கே! யாருண்ணே மாட்டுனது?”

ரத்தினவேல் மூடியின் ஓரத்தை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு தேநீர்க்கடைப் பக்கம் தாடையால் காட்டினார். “அந்தா நிக்கிறான் பாரு, அவன். பாவிப்பய, ஒரு நூலு பிசகாம மாட்டியிருக்கான்.”

இப்போதெல்லாம் எதிர்க்கொட்டகையிலிருந்து அரத்தின் ஓசை ஓயாமல் கேட்கிறது. அந்தக் காரின் கியர்த் தண்டுக்குப் பித்தளையில் ஒரு குமிழ் உருவாகிறது. அதில் முகம் பார்க்கலாம் என்ற அளவுக்கு மெருகேற்றியும் அவருக்கு நிறைவில்லை.

“சாருக்குப் புடிச்சிருந்தாப் போதாதா? இன்னும் எதுக்கு ராவுறீங்க?” என்று அழகி நேற்றுக் கேட்டாள்.

“சாருக்கு எப்பவோ புடிச்சிருச்சு. கோபிப்பய பாத்தா அவனுக்குச் சோறு எறங்கக் கூடாது,” என்றார் ரத்தினவேல், தலை நிமிராமலே.