கை டீச்சர் வகுப்புக்குள் போன நாள்

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்ற நீளமான பெயர் வாயில் நுழையாததால் பிள்ளைகள் அவளைக் கை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். பென்சில் பிடிக்க வராத, பொத்தான் போடத் தெரியாத, ஓர் இடத்தில் உட்கார முடியாத பிள்ளைகளைப் பழக்குவது அவள் வேலை. நான்கு பள்ளிக்கூடங்கள், நாற்பத்துமூன்று பிள்ளைகள், ஆளுக்கு வாரம் அரைமணி நேரம். களிமண்ணும் கிளிப்பும் நிரம்பிய பையைப் பதினோரு வருடமாகச் சுமந்து இடது தோள் இறங்கிவிட்டது. அலுப்பில், வீட்டில் கணவன் பேசுவது காதில் விழும், மண்டையில் ஏறாது.

எந்தப் பள்ளிக்கூடம் போனாலும் அவளுக்குக் கிடைப்பது சாமான் அறைதான். உடைந்த பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு குட்டி மேஜையும் குட்டி நாற்காலியும் போட்டுக்கொள்வாள். வகுப்பு வாசலிலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவாள், முடிந்ததும் அதே வாசலில் விடுவாள். உள்ளே கால் வைத்ததில்லை. அதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது?

மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. சாமான் அறையில் முத்து முத்தாக எழுதுவாள். வகுப்பிலோ கரும்பலகையைப் பார்த்து இரண்டு வரி எழுதுவதற்குள் நெளிவாள், சரிவாள், மணி அடித்துவிடும். ஏழு மாதமாக இதே கதை. அவளைச் சிறப்புப் பள்ளிக்கு மாற்றும் படிவத்தை வகுப்பாசிரியை நிரப்பிவிட்டார். கை டீச்சரின் கையெழுத்துதான் பாக்கி.

"நீங்க சொன்னா சரிதாங்க," என்றாள் படிவம் பற்றிப் பேச வந்த சிறுமியின் அம்மா. "ஆனா வீட்ல தரையில உக்காந்து தங்கச்சிக்கு இவதான் எழுதச் சொல்லிக் குடுக்குறா."

அம்மா அழவில்லை, சண்டையும் போடவில்லை. அதுதான் கை டீச்சரை என்னவோ செய்தது. கையெழுத்துப் போடுமுன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மறுநாள் வகுப்புக்குள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பழக்கதோஷம், சிறுமியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்களில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இடது கை நோட்டைப் பிடிக்காமல் பெஞ்சை இறுகப் பிடித்திருந்தது. ஏன் என்று குனிந்து பார்த்தாள். சிறுமியின் கால்கள் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டிருந்தன. பெரிய வகுப்பில் மிஞ்சிய பெஞ்சு அது. விழாமல் உட்கார்ந்திருப்பதிலேயே பிள்ளையின் பலமெல்லாம் போயிருக்கிறது.

சாமான் அறையிலிருந்து ஒரு மரப்பெட்டியைத் தூக்கிவந்து காலுக்கடியில் போட்டாள். சிறுமி இரண்டு பாதங்களையும் ஊன்றிக்கொண்டாள். மணி அடிப்பதற்குள் ஆறு வரியில் ஐந்து முடிந்தது.

வகுப்பாசிரியை நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "இவ்ளோதானா மேடம்? இதுக்கா ஏழு மாசம்?"

"இவ்ளோதான் டீச்சர். நான் வந்து பாத்திருக்கணும். தப்பு என்மேலதான்."

ஆசிரியை படிவத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். கை டீச்சருக்கு மனது நிம்மதியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பையை மாட்டிக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

போன வருடமும் இப்படி ஒரு படிவம் வந்தது. அதில் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்தப் பிள்ளை வகுப்பில் எப்படி உட்கார்ந்திருந்தது என்று அவளுக்குத் தெரியாது.