திறந்து வைத்த பிரேக் ஆயில்

எங்கள் வீட்டில் எதையும் தூக்கிப் போட முடியாது. என் வீட்டுக்காரர் விடமாட்டார். நூல் தீர்ந்த கோன்கள், பாதி பெயின்ட் டப்பா, மூக்கு உடைந்த ஆயில் கேன் எல்லாம் வண்டி ஷெட்டின் ஜன்னல் திண்டில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கூட்டத்தில்தான் பாதி தீர்ந்த பிரேக் ஆயில் பாட்டிலும் இருந்தது. மதிய வெயில் அந்த மங்கலான பிளாஸ்டிக் வழியாக வரும்போது தரையில் தேன் நிறத்தில் ஒரு கட்டம் விழும். பக்கத்து நிட்டிங் கம்பெனியிலிருந்து வரும் பஞ்சுத் தூசி அந்த வெளிச்சத்துக்குள் மெதுவாக மிதக்கும். விளக்குமாறு எடுக்கப் போனவள் அதைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிடுவேன். எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோகும்.

அருள்புரத்தில் எங்களுக்கும் சொந்தமாக நிட்டிங் மெஷின்கள் இருந்த காலத்தில் வாங்கிய வேன்தான் அந்த ஷெட்டில் நிற்பது. மெஷின்கள் போய்விட்டன. வேன் மட்டும், கதவில் சிவப்பு எழுத்தில் கம்பெனிப் பெயரும் அதன் கீழே ‘உரிமையாளர்’ என்று அவர் பெயருமாகத் தங்கிவிட்டது. பிறகு சர்க்கரையில் அவருக்கு வலது கால் மரத்துப்போனது. ஒருநாள் பல்லடம் ரோட்டில் வண்டியை ஓரம் கட்டி, “பெடல் எங்க இருக்குதுன்னே தெரியல அம்மிணி” என்று சொல்லி இறங்கியவர்தான், மறுபடி அந்த சீட்டில் உட்காரவில்லை. நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கம்பெனிகளில் தைத்த பனியன்களை ஏற்றிப்போய், வீடுகளில் நூல் பிசிறு வெட்டக் கொடுத்து வாங்கி வருவது இப்போது என் பிழைப்பு.

அவரும் பக்கத்து சீட்டில் வருவார். வந்தால் சும்மா வரமாட்டார். நான் பிரேக் போடுமுன் அவர் கால் தரையை ஓங்கி மிதிக்கும். உணர்ச்சியில்லாத அதே கால். ஒரு நிமிஷம் கண்ணை மூடமாட்டார். “என்னைய நம்பலீங்களா?” என்று கேட்டால், “ரோட்டப் பாரு” என்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனாலும் பாவமாக இருக்கும். ஓட்ட முடியாத மனுஷனுக்கு, டயரில் காற்றுப் பார்ப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் துடைப்பதும்தான் அந்த வண்டியில் மிச்சம். அதில் நான் தலையிட்டால் முகம் சுண்டிப்போகும்.

எங்கள் மகள் கோத்தகிரியில் இருக்கிறாள். தலைப்பிரசவத்துக்கு அவளை அழைத்துவர நாள் பார்த்திருந்தோம். கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் பிரேக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது, ஆயில் குறைந்திருந்தது. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. நேராக ஜன்னல் திண்டுக்குப் போய் அந்தப் பாட்டிலை எடுத்து வந்தார்.

“ஏனுங்க, அது எப்பத் தொறந்ததுங்க?”

“எப்பவோ தொறந்தது. மூடித்தான வெச்சிருக்கறேன். எண்ணெ எங்காச்சும் கெட்டுப்போகுமா?”

நிட்டிங் மெஷினோடு வாழ்ந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். மெஷின் ஆயில் கேன் வாயைத் திறந்தபடி வருஷக்கணக்கில் கிடக்கும், ஒன்றும் ஆகாது. பிரேக் ஆயில் பெயரில்தான் ஆயில். திறந்துவிட்டால் காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடிக்கும். சீல் பிரித்து நாளானதை ஊற்ற வேண்டாம் என்று பாட்டிலின் முதுகிலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது.

“மழைக்காலத்துல நூல் மூட்டை கனக்குதுன்னு மில்லுக்காரங்ககிட்டச் சண்டைக்குப் போவீங்கல்ல? அந்த நூலு மாதிரித்தானுங்க இதுவும். ஈரத்த இழுத்துக்கும். மலை எறங்கறப்ப பிரேக் சூடேறுனா உள்ள இருக்கற தண்ணி கொதிச்சு ஆவியாயிரும். அப்புறம் மிதிச்சா பெடல் சும்மா உள்ள போகும்.”

“நூலு பஞ்சு. இது எண்ணெ. நெறத்தப் பாரு, எப்படி இருக்குது!” என்று வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

அழகாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். அந்தத் தேன் நிறத்தைப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்? அவர் மூடியைத் திருகியபோது ஒரு சொட்டு வேனின் முன்பக்கத் தகட்டில் விழுந்தது. நாங்கள் வாதாடி முடிப்பதற்குள் அந்த இடத்தில் பெயின்ட் பால் ஆடை மாதிரி சுருங்கிவிட்டது. அவர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாசமா இருக்கற புள்ளைய ஏத்திட்டு எறங்கோணும். அத ஊத்துனீங்கன்னா நான் வண்டியத் தொடமாட்டேனுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவர் முகம் போன விதம் எனக்குத் தாங்கவில்லை. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கவும் மனம் வரவில்லை.

மதியம் சாப்பிட்டுப் படுத்தேன். பக்கத்துக் கம்பெனி மெஷின் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அது நின்றால்தான் எங்கள் தெருவில் தூக்கம் கலையும். கனவில் நான் மலையிறங்கிக்கொண்டிருந்தேன். தேயிலைச் செடிகள் மேலெல்லாம் வெள்ளைத் துணி காயப் போட்டிருந்தார்கள். வண்டிக்குச் சத்தமே இல்லை. பிரேக்கை மிதித்தேன். பனியன் வேஸ்ட் துணிக் குவியலுக்குள் கால் போகிற மாதிரி மெத்தென்று இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. பயமில்லை, சுகமாகக்கூட இருந்தது. பின் சீட்டில் மகள் சின்னப் பிள்ளையாகத் தூங்கினாள். வளைவு வந்தது. அதற்கப்பால் ரோடு இல்லை, வெறும் மேகம். அப்போதும் மிதித்துக்கொண்டே இருந்தேன். கரண்ட் போய் மெஷின்கள் நின்றதும் விழித்துக்கொண்டேன்.

எழுந்து ஷெட்டுக்குப் போனேன். தரையில் தேன் நிறக் கட்டம் இல்லை. ஜன்னல் திண்டில் பாட்டில் காலியாக நின்றது.

“ஊத்திட்டீங்களா?” என்று கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

வேனைச் சுற்றிக்கொண்டு போனேன். அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு, பனியன் வேஸ்ட்டால் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு எழுத்துகள் குழைந்து வழிந்துகொண்டிருந்தன. கம்பெனிப் பெயர் போயிருந்தது. ‘உரிமையாளர்’ போயிருந்தது. அவர் பெயரில் கடைசி எழுத்து மட்டும் பாக்கி இருந்தது.

“வண்டிக்கு ஊத்தல” என்றார். “பட்டறைக்காரர வரச் சொன்னேன். பிரேக் பேடு தேஞ்சிருந்துச்சு, மாத்துனாரு. பழச பூராம் எறக்கிட்டு, சீல் ஒடைக்காத பாட்டில் கொண்டாந்து ஊத்திட்டுப் போனாரு. நீ நல்லாத் தூங்கிட்டிருந்த.”

“பேர எதுக்குங்க அழிக்கறீங்க?”

“அந்தப் பாட்டில் ஆயில வீணாக்க மனசு வரல. ஒரு சொட்டுக்கே பெயின்ட்டு உரியுதே, பாத்தமல்ல.” தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னார். “ஓட்டறது நீ. என்ற பேரு எதுக்கு?”

அத்தனை பேச்சுப் பேசியவளுக்கு அழுகைதான் வந்தது. “அந்தக் கடைசி எழுத்தையாச்சும் விட்டுருங்க” என்றேன்.

“போ அம்மிணி” என்று அதையும் துடைத்தார்.

மறுநாள் கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது மகள் பின் சீட்டில் தலையணையோடு சாய்ந்திருந்தாள். மேகம் ரோட்டிலேயே இறங்கியிருந்தது. இன்னும் அந்தக் கனவுக்குள்தான் இருக்கிறோமோ என்று ஒரு கணம் தோன்றியது. இரண்டாவது கியரிலேயே விட்டு மெதுவாக இறக்கினேன். கொண்டை ஊசி வளைவு வந்தது. மிதித்தேன். பெடல் காலைத் தாங்கியது. அடுத்த வளைவு. அங்கேயும் தாங்கியது.

“எப்படி இருக்குது?” என்று பக்கத்து சீட்டிலிருந்து அவர் கேட்டார்.

“கெட்டியா இருக்குதுங்க.”

கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது, பக்கத்தில் தரையை மிதிக்கிற சத்தமே இல்லை. திரும்பிப் பார்க்க முடியாத வளைவு அது. அதைத் தாண்டி ரோடு நேரானதும் பார்த்தேன். தலையைக் கண்ணாடியில் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.