போனை முதலில் வைக்காதவர்

நம் ஆஸ்பத்திரி செல்வராணி சிஸ்டரின் மகள் கவிதா கூப்பிட்டபோது, டூட்டிக்குப் போக பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். "சித்தி, அம்மா தவறிட்டாங்க. காலையில நெஞ்சுவலி," என்றாள். நம் ஊரில் யார் இப்படி நேராகச் சொல்கிறார்கள்? "சீரியஸா இருக்கு, கிளம்பி வாங்க" என்பதுதானே வழக்கம். பஸ் வந்தது, போனது. நிழற்குடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். நானும் பேசவில்லை, அவளும் போனை வைக்கவில்லை.

சிஸ்டரோடு வேலை பார்த்த உங்களுக்கு, அது யார் வளர்த்த பிள்ளை என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்குத்தான் இன்னும் இருப்புக் கொள்ளவில்லை. துக்க வீட்டிலும் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். இதையும் எழுந்து எழுந்து போய்த்தான் எழுதுகிறேன்.

கொரோனா நாட்களில் எங்கள் வார்டுக்குள் வீட்டார் யாரும் வர முடியாது. கேட்டில் சாப்பாடு வாங்குவோம், காலிப் பாத்திரத்தைத் திருப்பித் தருவோம். வெளியே நிற்பவர்களுக்கு அந்தப் பாத்திரம்தான் சேதி. தோல் வியாபாரி ஒருவருக்கு அவர் மனைவி ஜமீலாம்மா தினமும் கஞ்சி கொண்டுவருவார். மனிதருக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பாவம் பார்த்து, மிச்சத்தைக் கொட்டிக் கழுவிக் கொடுத்தோம். மறுநாள் அந்தம்மா இன்னும் பெரிய தூக்குவாளியோடு வந்தார்.

விஷயம் தெரிந்ததும் சிஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று கஞ்சியோடேயே வாளியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அம்மா, அவர் சாப்பிடல. மூச்சு ரொம்ப வாங்குது. பொழைக்கிறது கஷ்டம்னு டாக்டர் சொல்றாரு."

"நேத்து காலியா வந்துச்சே, சிஸ்டர்?"

"நாங்கதாம்மா கொட்டுனோம். தப்புதான்."

ஜமீலாம்மா வாய்க்கு வந்தபடி ஏசினார். சிஸ்டர் நின்று கேட்டுக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் சிஸ்டர், அந்தம்மா கொஞ்ச நேரம் சந்தோசமா இருந்துட்டுப் போகட்டுமே," என்றேன்.

"அப்ப அவுக பேச வேண்டியத எப்பப் பேசுறது?" என்றார்.

மாலையே வீடியோ காலில் போனைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே நின்றார். "மக கல்யாணத்த நான் முடிச்சு வைக்கிறேன். நீங்க அதையே நெனைச்சுக்கிட்டுக் கெடக்காதீங்க," என்றார் ஜமீலாம்மா. கணவர் தலையாட்டினார். மறுநாள் அவருக்கு நினைவு தப்பியது. அடுத்த நாள் போய்விட்டார்.

வீட்டுக்குச் சொன்னதும் சிஸ்டர்தான். "மௌத்தாயிட்டாரும்மா." பிறகு அந்தப் பக்கம் அழுகைதான். இங்கே இன்னொருவருக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் மாற்ற வேண்டும். போனை வைத்துவிடச் சொல்லி ஜாடை காட்டினேன். என்னைப் போய்ப் பார்க்கச் சொல்லிக் கையாலேயே விரட்டினார். அப்புறம் சொன்னார்: "சேதி சொன்னவ மொதல்ல போன வைக்கக் கூடாது புள்ள. அவுக வைக்கட்டும்."

எனக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது? "கால்ல சக்கரமா கட்டியிருக்க?" என்று சிஸ்டரே என்னைக் கேலி செய்வார். அவரிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது இந்த ஒரு பழக்கம்தான். அதுவும் இன்னும் முழுதாகப் படியவில்லை.

போன வாரம், கீரனூர்க்காரர் ஒருவருக்கு அவர் தாயார் இறந்ததைப் போனில் சொல்ல வேண்டி வந்தது. சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. என் ஒரு கால் ஏற்கெனவே வாசலுக்கு வெளியே போயிருந்தது. கட்டைவிரல் போனை வைக்கத் துடித்தது. சிஸ்டரை நினைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"ஏனுங்க சிஸ்டர், வச்சுட்டீங்களா?"

"இல்லீங்க. இருக்கேன்."

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.