வாள்வால்

தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் கணப்படுப்புக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் ஆரஞ்சு நிற மீன்கள் நான்கு. ஆண்மீனின் வால் மட்டும் கீழ்ப்புறம் மெல்லிய வாள்போல் நீண்டிருக்கும். பங்களாவில் சமைத்த அப்புவின் மகள் என் தோழி. ஐந்தாம் வகுப்பில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி. கணக்கப்பிள்ளையின் மகளான என்னோடு அவளையும் அட்டன் நகரப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதாக அவள் தகப்பனார் சொல்லியிருந்தார்.

சிவனொளிபாத மலையை நோக்கி வண்ணத்துப்பூச்சிகள் திரள்திரளாகப் பறக்கும் பருவம் அது. வெள்ளையில் கறுப்புக் கோடிட்ட சில, ஓடைக்கரை ஈரமண்ணில் வந்தமரும். அவற்றின் இறகு நுனியிலும் அதே வாள்.

“ரெண்டுக்கும் வாள்வாலுன்னு ஒரே பேராம். தொரசாணி அப்பாகிட்ட சொன்னாங்களாம்.”

“அப்ப மீனு பறக்குமாக்கும்?” என்று சீண்டினேன்.

“பூச்சி தண்ணிக்கு வரலையா புள்ள? ரெண்டும் சொந்தந்தான்.”

சொந்தமென்றால் சேர்த்துவைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். “அப்பாவுக்கு ஏச்சு விழும்டி” என்று அவள் தயங்கினாள். பயந்தாங்கொள்ளி என்று பழித்தேன். துரை வெளியே போயிருந்த ஒரு முற்பகலில், ஆண்மீனைச் செம்பில் அள்ளி ஓடையில் விட்டது என் கைதான். மலைத் தண்ணீரின் குளிரில் அது இருமுறை சுழன்று ஒருபக்கமாகச் சாய்ந்தது.

துரை விசாரித்தபோது, “நாந்தாங்க எடுத்தேன்” என்றாள் அவள். நான் வாய் திறக்கவில்லை. அப்பு பங்களா வேலையை இழந்து தொழிலாளர் லயத்துக்கு வந்தார். மகளைக் கொழுந்தெடுக்கப் பேர் பதிந்தார்கள். தகரப் பெட்டியோடு நான் அட்டனுக்குப் புறப்பட்ட காலையில், அவள் கூடையோடு, பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆட்களோடு ஆளாக நின்றாள்.

பின்னாளில் புத்தகங்களில் அந்தப் பெயரைத் தேடிப் படித்தேன். மீனுக்கு அது துணையைக் கவரும் அழகு. வண்ணத்துப்பூச்சியோ, குருவி கொத்தினால் வாலைக் கொடுத்துவிட்டு உயிரோடு பறந்துவிடும். இரண்டுமே யாரையும் வெட்டாத வாள்கள். படிக்கப் படிக்க, இதை முதலில் அவளிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றும்.

அறுபதுகளின் இறுதியில், இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி அவள் குடும்பம் இந்தியாவுக்குப் புறப்பட்டது. அட்டன் ஸ்டேஷனில், “அன்னைக்கு நான் உண்மையச் சொல்லியிருக்கணும்” என்றேன்.

“சொல்லியிருந்தா ஒன் முதுகுலயும் ஒரு கூடை. வேறென்ன?” என்று சிரித்தாள். பிறகு ஜன்னல் வழியே கையை நீட்டினாள். “அந்த வாள்வாலுப் பேர இங்கிலீசுல எழுதிக் காட்டு புள்ள. ஒன்கூடப் படிக்க வந்திருந்தா நானே எழுதியிருப்பேன்.”

கொழுந்துக் கறை ஏறிய உள்ளங்கையில் மை ஒட்டவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தி எழுதினேன். ஒவ்வொன்றையும் அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். பாதிப் பெயர் எழுதியிருந்தபோது வண்டி நகர்ந்தது. அது வளைவில் மறையும் வரை, அவள் கை ஜன்னலுக்கு வெளியே விரிந்தே இருந்தது.